கடைசி ஸ்டாப்பில் மேற்கு

அமெரிக்காவின் மேற்கு விரிவாக்கம் கலிபோர்னியாவோடு நிற்கவில்லை. அது கடலுக்குள் இறங்கி மேற்கே நடந்துகொண்டே இருந்தது. சென்ற பங்குனியில் எங்கள் ஊர்க் கரையில் ஏறியது.

எங்கள் ஊர் உப்பளங்களைத் தாண்டி இருக்கிறது. திருத்துறைப்பூண்டியிலிருந்து வரும் பஸ் இங்கேதான் திரும்பும். அந்த பஸ்ஸில் நான் கண்டக்டர். "கடைசி ஸ்டாப், எல்லாரும் இறங்குங்க" என்று சொல்லிச் சொல்லியே எனக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. இங்கே வரவேண்டும் என்று நினைத்து வந்தவர்களை நான் பார்த்ததில்லை. பஸ் இதற்கு மேல் போகாது என்பதால் இறங்கினார்கள்.

விரிவாக்கத்தின் வண்டிகள் வருவதற்கு முந்தைய மாதம் வேறு சிலர் கடலிலிருந்து வந்தார்கள். அமெரிக்காவில் வண்டிக்காரர்களுக்கு முன்பே இருந்த பூர்வகுடிகள். போர்வையும் பிள்ளைகளுமாக வரிசையில் நின்று பஸ் ஏறினார்கள். அவர்களுடைய குதிரைகள் பஸ்ஸுக்குப் பின்னால் வந்தன. கடலில் நெடுங்காலம் நடந்ததில், வழியில் பார்த்த மீன்பிடிக்காரர்களிடம் நல்ல தமிழ் கற்றிருந்தார்கள்.

முன் சீட்டில் இருந்த அம்மாளிடம் எங்கே போக வேண்டும் என்று கேட்டேன்.

"மேற்கே."

"திருத்துறைப்பூண்டி வரைக்கும்தான் போகும்மா."

"அப்புறம் நடந்துக்கிறோம்." டிக்கெட்டை வாங்கிப் போர்வை ஓரத்தில் முடிந்துகொண்டார். "எங்க பின்னாலயே வண்டி கட்டிக்கிட்டு வருவாங்க தம்பி. இது மேற்கான்னு கேப்பாங்க. இல்லைன்னு சொல்லிடுங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எங்களை யாரும் கேக்கல. இப்ப ரொம்ப தூரம் வந்துட்டாங்க. சந்தேகம் வந்திருக்கும்."

அவர் சொன்னபடியே வண்டிகள் வந்தன. வெள்ளைக் கித்தான் போட்ட கூண்டு வண்டிகள். மாடுகளின் கொம்புகளில் பாசி தொங்கியது. வெகு தொலைவில் அலைகளின் மேல் சிலர் தண்டவாளம் போட்டுக்கொண்டு வந்தார்கள். கரையிலிருந்து முதல் வீடு எங்களுடையது. வாசல் கடலைப் பார்த்திருக்கும். முதல் வண்டிக்காரர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார். பெயர் ஒபதையா என்றார், அதே மீன்பிடிக்காரத் தமிழில்.

"அண்ணே, இது மேற்கா?"

"இல்லைன்னு சொல்லுங்க" என்று அடுப்படியிலிருந்து என் மனைவி அஞ்சுகத்தின் குரல் வந்தது. அவர் காதிலும் விழுந்திருக்கும்.

மேற்கு என்று ஆகிவிட்டால் என்ன நடக்கும் என்று ஒபதையாவே சொன்னார். குடும்பத்துக்கு நூற்று அறுபது ஏக்கர். அஞ்சு வருடம் குடியிருந்தால் சொந்தம். சொல்லும்போதே அவருடைய ஆட்கள் சங்கிலி போட்டு அளந்தார்கள். எங்கள் வீடு நடுவில் வந்தது.

"இந்த வீடு?" என்றேன்.

"நல்லா இருக்கு அண்ணே. போன எடத்துல எல்லாம் புல்லு மண்ண வெட்டி அடுக்கித்தான் வீடு கட்டினோம். இங்க அந்த வேலை மிச்சம்."

"மத்த ஊர்க்காரங்க என்ன சொன்னாங்க?"

"கடல்ல, தீவுல, எங்க கேட்டாலும் கைய நீட்டி அந்தப் பக்கம்னாங்க."

நான் யோசித்தேன். இவ்வளவு பெரிய விரிவாக்கம், இத்தனை மலை, சமவெளி, சமுத்திரம் கடந்து வந்து, என் வாசலில் தொப்பியைக் கழற்றி ஒரு கேள்வி கேட்கிறது. இதுவரை யாருக்கும் இதற்கு ஆமாம் என்று சொல்லத் தைரியம் வரவில்லை.

"ஆமா. இதுதான் மேற்கு. இதுக்கு மேல போகாது. கடைசி ஸ்டாப்."

அஞ்சுகம் கரண்டியோடு வெளியே வந்தாள். "சில்லறை இல்லைன்னு மட்டும் நாள் பூரா சொல்லத் தெரியுது. இங்க ஒரு இல்லை சொல்ல வாய் வரல."

"வாயால சொன்னா பத்தாதுக்கா" என்றார் ஒபதையா. "சூரியன் எங்க விழுதோ அதான் மேற்கு. சாயங்காலம் பாப்போம். தாண்டிப் போச்சுன்னா நாங்களும் கெளம்பிடுவோம்."

அஞ்சுகம் வந்தவர்களுக்கெல்லாம் மோர் கொடுத்தாள். அவளுக்குக் கோபம் வேறு, மோர் வேறு. பொழுது சாயும் நேரத்தில் கொல்லைக் கதவைத் திறந்துவிட்டாள். அந்தத் தாழ்ப்பாள் உப்புக்காற்றில் இறுகிப்போனது. கதவைச் சற்றுத் தூக்கி, முழங்காலால் ஓர் இடி இடிக்க வேண்டும். அவளுக்குத்தான் திறக்கும். எனக்கு ஒருநாளும் திறந்ததில்லை.

எல்லோரும் கொல்லையில் நின்றோம். சூரியன் கூரைக்கு மேல் வந்தது. "போ, போ" என்று அஞ்சுகம் காக்கையை விரட்டுவதுபோல் கையை ஆட்டினாள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வீடு போகும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் சூரியன் இங்கேயே விழ வேண்டும் என்றுதான் விரும்பினேன். நான் எப்படிப்பட்ட ஆள் என்று அப்போதே என்னைக் கேட்டுக்கொண்டேன். பதில் வருவதற்குள் சூரியன் முருங்கை மரத்தருகில் தயங்கி, கிணற்றுக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவில் இறங்கி அமர்ந்தது.

அஞ்சுகம் கொடியில் காய்ந்த துணிகளை எடுத்தாள்.

ஒபதையா வாசலில் முளை அடித்தார். கடலில் தண்டவாளம் போட்டவர்களுக்குக் கை காட்டி நிறுத்தச் சொன்னார்.

"அப்ப, உங்களுக்கு முன்னால பஸ்ஸுல அந்தப் பக்கம் போனவங்க?" என்று கேட்டேன்.

"எந்தப் பக்கம்? மேற்குக்கு அந்தப் பக்கம்னு ஒண்ணு கெடையாதே அண்ணே. இல்லாத எடத்துக்கு யாரு போறது?" என்று சங்கிலியைச் சுருட்டி வண்டியில் போட்டார்.

அந்த அம்மாளுக்காகத்தான் ஆமாம் என்று சொன்னேன் என்று வைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். அப்படி இல்லை. என்னை ஒருவர் கேட்டார், அதனால் சொன்னேன். ஆனால் பெருமை அதனால் குறையவில்லை. கொஞ்சம் கூடியதுபோலத்தான் இருந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் சாமான்களை ஏற்றினோம். கிரைண்டரைப் பின் சீட்டில் வைத்தோம். விடிகிற நேரம் கடந்தும் இருட்டாகவே இருந்தது. விசிலை வாயில் வைத்தபோது ஒபதையா ஓடிவந்தார்.

"அக்கா, கொல்லைக் கதவு தொறக்கல. சூரியன் அந்தப் பக்கம் நிக்குது. கடலுக்குப் போகணுமாம்."

"உடைச்சுக்க வேண்டியதுதானே?" என்றாள் அஞ்சுகம்.

"அஞ்சு வருஷத்துக்கு வீட்டுல ஒண்ணையும் உடைக்கக் கூடாதுக்கா. எங்க சட்டம்."

"தெனமும் நான் வந்து தொறக்கணும்னா, நான் எங்க இருக்கணும்?"

ஒபதையா தொப்பியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அதற்குள் ஊரில் எல்லாக் கோழிகளும் ஒருமுறை கூவி ஓய்ந்திருந்தன.

"உள்ளயே இருங்கக்கா" என்றார் கடைசியில். "நாங்க வாசல்ல இருந்துக்கிறோம்." போய் முளையைப் பிடுங்கி, வாசற்படிக்கு வெளியே அடித்தார்.

அஞ்சுகம் இறங்கிப் போனாள். தூக்கி ஓர் இடி. சூரியன் கூடத்தைக் கடந்து, படியிறங்கி, கடலுக்குள் போய், அங்கிருந்து எழுந்தது. கிரைண்டரை நான் இறக்கினேன்.

இப்போது அமெரிக்கா எங்கள் வாசற்படியோடு முடிகிறது. இதை நான் டிரைவரிடம் தினமும் சொல்கிறேன். மேற்குக்கு அந்தப் பக்கம் போய்வருவது எங்கள் பஸ் ஒன்றுதான்.

திருத்துறைப்பூண்டி பஸ் ஸ்டாண்டில் அந்த அம்மாளைப் பார்த்தேன். கிளம்பத் தயாராக மூட்டையோடு நின்றுகொண்டிருந்தார்.

"கேட்டாங்களா தம்பி?"

"கேட்டாங்க. ஆமான்னு சொல்லிட்டேன்."

என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு பஸ்ஸுக்குப் பின்னால் சாலையை நெடுநேரம் பார்த்தார். ஒரு வண்டியும் வரவில்லை. மூட்டையை அவிழ்த்துப் போர்வையைத் தரையில் விரித்தார்.

சூரியன் சில நாட்களில் கூடத்தில் கொஞ்சம் நின்று, அஞ்சுகம் கொடுக்கும் காப்பியைக் குடித்துவிட்டுப் போகிறது. சர்க்கரை வேண்டாம் என்கிறது. அந்த நாட்களில் முதல் பஸ் தாமதமாகத்தான் புறப்படும். திருத்துறைப்பூண்டியில் யாரும் காரணம் கேட்பதில்லை.