அலையில்லாத இடம்

இந்தக் காலத்து ஆட்கள் சொந்தக் கண்ணை நம்புவதையே விட்டுவிட்டார்கள். மழை வருமா என்று கேட்டால் வானத்தைப் பார்க்காமல் போனைப் பார்க்கிறார்கள். எதற்கெடுத்தாலும் ஒரு பலகை, ஒரு கொடி. இந்தத் தீவுக்கு வந்த இடத்திலும் அதே கூத்துதான். மணலில் இரண்டு கொடி நட்டு, அதற்கு நடுவில்தான் குளிக்க வேண்டுமாம். கடல் என்ன இவர்கள் பாட்டன் வெட்டின குளமா?

கொடிகளுக்கு நடுவே அலை இடுப்புயரத்துக்கு எழுந்து எழுந்து அறைந்தது. ஆட்கள் விழுந்து புரண்டு, மூக்கில் தண்ணீர் ஏறி இருமினார்கள். கொஞ்சம் தள்ளி, ரோடு போட்ட மாதிரி ஒரு பட்டை, நிறம் சற்றுக் கறுத்து, அலையே இல்லாமல் கிடந்தது. காலமெல்லாம் லாரி ஓட்டியவன் நான். நல்ல ரோடு இருக்கையில் குண்டுகுழியில் எவனாவது வண்டியை விடுவானா?

"அங்க போய்க் குளி" என்றேன் மகளிடம்.

"கொடிக்கு நடுவுலதான்னு போட்டிருக்கேப்பா."

"போட்டவனா வந்து உனக்கு முதுகு தேய்க்கப் போறான்? அலை இல்லாத எடமாப் பாத்து எறங்கு."

குடைக்கடியில் கிடந்த மாப்பிள்ளை, "மாமா சொல்லிட்டா அப்பீலே கெடையாது" என்று சிரித்தான். அவனுக்கு நீச்சல் தெரியாது. மகள் நன்றாக நீந்துவாள்; அந்தப் பட்டையில் போய் இறங்கினாள்.

சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்தேன். அவள் தலை சின்னதாகத் தெரிந்தது. கரையைப் பார்த்துத்தான் நீந்துகிறாள், கையை வீசி வீசிப் போடுகிறாள். ஆனால் நான் பார்க்கப் பார்க்கத் தலை இன்னும் சின்னதாகியது. காற்றில் "அப்பா" என்று பாதி வந்தது.

இறங்கி ஓடினேன். முட்டியளவுத் தண்ணீரிலேயே காலடி மணல் உருவிக்கொண்டு போனது. யாரோ பின்னாலிருந்து கையைப் பிடித்து இழுத்தார்கள். கழுத்தில் விசிலோடு, கரைக்காவல் பெண்.

"விடும்மா, எம் பொண்ணு!"

"பாத்துட்டேன் ஐயா. எங்க ஆளு மிதவைப் பலகையோட கெளம்பிட்டாரு. நீங்களும் போனா ரெண்டு பேரைத் தேடணும்." கடலைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். "கரைக்கு நீந்தாதீங்க! மல்லாந்து மிதங்க!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்டியரிங்கை விட்டுவிட்டால் வண்டி தானாக வீடு வந்து சேருமா?

"நீந்துடீ! கைய விட்றாத!" என்று நானும் கத்தினேன்.

யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாதது போல் தூரத்துக் கைகள் தடுமாறின.

"வாய மூடுங்க ஐயா" என்றாள் அந்தப் பெண்.

என் பெண்டாட்டிகூட என்னை அப்படிச் சொன்னதில்லை. மூடினேன். மரியாதையில் இல்லை, பயத்தில்.

கைகள் நின்றன. மகள் மல்லாந்தாள், மரக்கட்டை மாதிரி. போய்விட்டாள் என்றே நினைத்தேன். தண்ணீர் அவளை இன்னும் உள்ளே கொண்டுபோனது. அலைகளுக்கு அப்பால் எங்கேயோ, போதும் என்பதுபோல் விட்டுவிட்டது. பக்கவாட்டில் பலகை போய்ச் சேர்ந்தது. ஒரு கை எழுந்து அதைப் பிடித்தது.

அவர்கள் நேராக வரவில்லை. கரையோரமாகவே வெகுதூரம் போய், அலை அடிக்கிற இடத்தில் திரும்பினார்கள். அலையே அவர்களைத் தள்ளிக்கொண்டு வந்து மணலில் போட்டது.

உப்புத் தண்ணீரைக் கக்கினாள். மாப்பிள்ளை அவள் கால்களைக் கட்டிக்கொண்டு அழுதான்.

"கரைக்கு வந்த தண்ணியெல்லாம் சேந்து அந்த வழியாத்தான் திரும்பிப் போகுது ஐயா" என்றாள் காவல் பெண். "அதான் அங்க அலை இல்ல."

"நான் பாத்துக்கிட்டுத்தானே நின்னேன்? தண்ணி அசையவே இல்லையே!"

மகள் என்னைப் பார்த்தாள். தொண்டை கரகரத்தது.

"நீங்க கத்துனதும் கேட்டுச்சுப்பா."

சட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

அந்தப் பட்டையோரம் ஒரு தேங்காய் மட்டை மிதந்தது. யாரும் தொடவில்லை, அது பாட்டுக்குக் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. காற்று தள்ளுகிறது, வேறென்ன என்று சொல்லிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடந்தேன். கடலிலிருந்து வீசிய காற்று முதுகில் கைவைத்து என்னைத் தள்ளிக்கொண்டே வந்தது.