எழுத்தில்லாத எண்

"...அன்னிக்கி நா பாலாத்துல செக்போஸ்ட்டுகிட்ட மவளுக்காக நின்னுட்டிருந்தனே கண்ணு, கார்டு ஊட்ல ஆணியில தொங்குது, அதுக்குக் காலு மொளச்சு வந்தா கதவத் தொறந்துச்சு?" என்று மாதம்மா லேசாகச் சிரித்துக்கூடப் பார்த்தாள், ஃபேக்டரி கேட்டுக்கு வெளியே விஜயநகர் பஸ்ஸுக்கு நின்ற ஜீவிதாவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பதினொரு வருஷமாக அந்த ஃபேக்டரியைக் கூட்டிப் பெருக்குகிறவளை மூன்று நாளாக உள்ளே விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஸ்டோர் ரூமில் செம்புக் கம்பிச் சுருள் காணாமல் போனது, அப்போது கதவைத் திறந்தது மாதம்மாவின் கார்டு என்று கதவின் கம்ப்யூட்டர் பதிவிலிருந்து பட்டியல் எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது ஜீவிதா. மாதம்மா கார்டை எடுத்து நீட்டினாள், 2719, ஆமாம் அக்கா, இதேதான், கதவின் பதிவிலும் இதே 2719... ஆனால் கதவு நம்மைப் போலவா எண்ணுகிறது, அது பதினாறு பதினாறாக அல்லவா எண்ணும், ஒன்பதுக்குப் பிறகு ஏ, பி, சி என்று எஃப் வரை போய்த்தானே அடுத்த இடத்துக்கு நகரும், கார்டில் இருப்பதோ நாம் எண்ணும் பத்துக்கணக்கு, ஒவ்வொரு எண்ணையும் மாற்றித்தானே எழுத வேண்டும், பட்டியலின் முந்நூறு வரியில் எழுத்து கலந்தவற்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றவற்றை அப்படியே விட்டோமே, ஏ பி சி ஒன்றும் இல்லை, பார்க்க நம் எண் மாதிரியே இருந்தது, மாற்றத் தோன்றவே இல்லை...

வேண்டாம் என்றாலும் மனம் கணக்கைத் தொடங்கிவிட்டது, இரண்டு நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு, எட்டாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, ஏழு இருநூற்றைம்பத்தாறு, ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றிரண்டு, அப்புறம் ஒரு பதினாறு, கடைசியில் ஒன்பது, ஆக பத்தாயிரத்து ஒன்பது. பத்தாயிரத்து ஒன்பது யார்? போன மாதம் ஆபீஸ்காரர்களுக்குப் புதுக் கார்டு அடித்தபோது அந்த எண் கார்டில் படத்தை அவள்தான் ஒட்டினாள், சித்தப்பா மீசையைத் தடவிக்கொண்டு, நம்ம மூஞ்சி கொஞ்சம் சுமாரா வந்திருக்கே மகளே, என்றார். உதயகுமார் சித்தப்பா, அப்பா போன பிறகு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர், பட்டியலை வேகமா முடிச்சிட்டியே என்று முதுகில் தட்டியவர்... ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஸ்டோரில் என்ன வேலை? வேலையாகவே வந்திருக்கலாம், வந்திருந்தால் ஏன் யாரிடமும் சொல்லவில்லை, மாதம்மா பெயரைப் பட்டியலில் படித்தபோது அந்த வரியையே இரண்டு தரம் விரலால் தொட்டுப் பார்த்தாரே, அது எதற்கு? பஸ் வந்து நின்றது. ஏற வேண்டிய கால் ஏறவில்லை. அவள் முகத்தில் எதையோ கண்டவள் போல மாதம்மா இன்னும் கிட்டே வந்தாள், குரல் தணிந்துவிட்டது.

"நாளைக்கி விசாரணையாம் கண்ணு. எனக்காகப் பேச வேண்டாம். அந்த நம்பர மட்டும் இன்னொருக்காப் பாத்துச் சொல்றியா?"