எருமை போன உயரம்

உலக வரலாற்றில் இந்த ஊருக்கென்று ஓர் உயர்ந்த இடம் உண்டு. முதல் நாள் அந்த இடம் தரையிலிருந்து நாற்பதடி உயரத்தில் இருந்தது. அதில் ஓர் எருமையும், எருமையின் முதுகில் ஒரு பால்காரரும் இருந்தார்கள். சுழற்காற்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு வந்து நான்கு நிமிடம் தங்கியது. அதற்குள் பதினான்கு ஆடுகளையும், சலவைக்கடையின் இஸ்திரி மேசையையும், எட்டு டன் ரோடு ரோலரையும் தூக்கிவிட்டது. ஆடுகளை மைதானத்தில் வரிசையாக நிற்கவைத்தது. ரோலரை நூலகத்து மொட்டைமாடியில் ஒரு விரிசல்கூட விழாமல் வைத்தது. இஸ்திரி மேசை திரும்பி வந்தபோது அதன்மேல் கிடந்த சட்டை தேய்த்து மடிக்கப்பட்டிருந்தது. எருமையை மட்டும் இறக்க மறந்துவிட்டுப் போய்விட்டது. பால்காரர் அப்போது கறந்துகொண்டிருந்தார். உதைக்கிற எருமை என்பதால் கயிற்றை இடது மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு கறப்பது அவர் வழக்கம். ஆகவே அது போன இடத்துக்கு அவரும் போனார். போன வேகத்தில் இடது தோள் கழன்றது; மற்றக் கையால் தொற்றி அதன் முதுகில் ஏறிக்கொண்டார்.

அவர் மனைவி, கூரை இல்லாத தொழுவத்தில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"ஏங்க, அடி ஏதும் பட்டுச்சா?"

"தோள்தான். கன்னுக்குட்டி எங்க?"

"இங்கதான் நிக்குது. நீங்க இறங்குற வழியப் பாருங்க."

"வழி இருந்தா பாக்க மாட்டேனா?"

கல்லில் சணல் நூலைக் கட்டி அவள் வீச, மூன்றாம் தடவை அவர் பிடித்துக்கொண்டார். ஒரு தூக்குவாளி சாப்பாடும் ஒரு பிடி புல்லும் அதில் ஏறும். அதற்குமேல் எடை தொங்கினால் எருமை மிரண்டு ஒரு முழம் உயரே போனது; அதனால் கனமான கயிறு, ஆள் ஏறுவது என்ற பேச்செல்லாம் அன்றே முடிந்தது. சும்மா விட்டாலும் அது தினம் ஒரு சாண் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக் கொத்தனார் தினமும் காலையில் அந்தச் சணல் நூலில் தூக்குக்குண்டைக் கட்டி அளந்து, யாரும் கேட்காமலே சொல்லிவிட்டுப் போவார்.

நகராட்சிக் கொட்டகையில் புத்தம்புதிய ஏணி வண்டி ஒன்று நின்றது. முழுக்க நீட்டினால் எருமையைத் தொட்டுவிடும். ஆனால் அதன் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. நகராட்சி வாங்கிய எதையும் தலைவர் ரிப்பன் வெட்டாமல் தொடக்கூடாது என்பது இந்த ஊரின் முறை. முந்தைய ஆண்டு குப்பை வண்டி ஒன்று ரிப்பனோடு ஏழு மாதம் நின்றதில், அதற்குள் ஒரு நாய் இரண்டு ஈடு குட்டி போட்டது. மனைவி தினமும் அலுவலகம் போய் நின்றாள். தலைவர் நிபுணர்களோடு தீவிர ஆலோசனையில் இருப்பதாக மேலாளர் சொன்னார். உண்மையில் தலைவருக்குப் பல்செட் தயாராகிக்கொண்டிருந்தது. பல் இல்லாமல் பேசினால் பேச்சு முழுக்கக் காற்றாகப் போகும். ஊர் இருந்த நிலையில் அதைச் சனங்கள் தவறாக எடுத்துக்கொள்வார்கள் என்று அவர் யோசித்தார்.

ஆறாம் நாள் அவள் புல்லறுக்கும் அரிவாளோடு கொட்டகைக்குப் போனாள். காவலாளி ரிப்பனுக்கு முன்னால் வந்து நின்றார்.

"அக்கா, வெட்டிராதீங்க. எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க. இந்த வேலைய விட்டா ஒண்ணுமில்ல."

"எனக்கு அவர விட்டா யாரு இருக்கா?"

"தெரியும்க்கா. வெட்டிராதீங்க."

மதியம்வரை இருவரும் அப்படியே நின்றார்கள். பிறகு அவள் அதே அரிவாளால் வழியில் கொஞ்சம் புல் அறுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

பத்தாம் நாள் பல் வந்தது. புகைப்படக்காரர் மச்சினன் கல்யாணத்துக்குப் போயிருந்ததால் பதினோராம் நாளும் போயிற்று. பன்னிரண்டாம் நாள் தலைவர் ரிப்பனை வெட்டி, மனித உயிரின் மதிப்பைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். ஏணி முழுக்க நீண்டது. தீயணைப்புக்காரர் கடைசிப் படியில் நின்று கையை நீட்டினார்; பால்காரர் நல்ல கையைக் கீழே நீட்டினார். இரண்டு விரல் நுனிகளுக்கும் நடுவே ஒரு சாண் இடம் இருந்தது.

"நேத்து வந்திருக்கலாமே தம்பி," என்றார் பால்காரர். கோபமாகச் சொல்லவில்லை.

புகைப்படக்காரர் சைகை காட்டியதால் கூட்டம் கைதட்டியது. படத்தில் பல் நன்றாக விழுந்திருந்தது.

ஏணியில் கூடுதலாக ஒரு படி பற்றவைக்கலாம்தான்; அதற்குத் தனி ஒப்புதலும் தனித் திறப்பு விழாவும் வேண்டும் என்றார்கள். மனைவி காத்திருக்கவில்லை. ஏணியை மடக்குவதற்குள் கறவை முக்காலியோடு ஏறி, அதைக் கடைசிப் படியில் வைத்து அதன்மேல் நின்றாள். அவர் கை எட்டியது. பன்னிரண்டு நாள் கழித்துக் கிடைத்த கை, பதற்றத்தில் இழுத்துவிட்டாள். "இழுக்காத, இழுக்காத," என்றார் அவர். எருமை மிரண்டு இரண்டு முழம் மேலே போயிற்று. அந்த இழுப்பைப் பற்றி இருவரும் பிறகு பேசியதே இல்லை. பேச நாளும் அதிகம் இல்லை. மழைக்காலம் முடிவதற்குள் குரல் எட்டாத உயரத்துக்கு அவர் போய்விட்டார்.

தலைவர் அந்தப் படத்தை வைத்தே இரண்டு தேர்தலில் ஜெயித்தார். அதற்குப்பின் பிறந்த பிள்ளைகள், எல்லா ஊர் வானத்திலும் ஓர் எருமை இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள். எருமையின் கொம்பில் மாட்டிக் கப்பிக் கயிறுபோல் ஓடிய சணல் நூல் நீண்டுகொண்டே போனது. எருமைக்கும் அந்தப் பாரம் பழகிவிட்டது. காலையில் புல்லும் சாப்பாடும் ஏறும். மாலையில் அதே வாளியில் பால் இறங்கும். எருமை ஏன் இன்னும் வற்றவில்லை என்று யாரும் கேட்கவில்லை. நான்காம் ஆண்டு ஒன்பது நாள் தொடர்ந்து வாளியில் அனுப்பியது அப்படியே திரும்பி வந்தது. நகராட்சி இரங்கல் தீர்மானம் எழுதியது. நினைவுக்கல்லுக்கு ரிப்பன்கூட வாங்கியாயிற்று. அவள் உள்ளங்கை தோலுரியத் தினமும் நூலை விட்டுச் சுற்றினாள். பத்தாம் நாள் வாளி கனத்தது. உள்ளே பால் இருந்தது. அவள் அதில் பால்மானியை விட்டுப் பார்த்தாள். பார்த்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து, நாலு வருஷத்து அழுகையை அழுது முடித்தாள். அந்த உயரத்தில் குழாய் கிடையாது, கிணறு கிடையாது, மேகம்தான் உண்டு. பாலில் வழக்கம்போல் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் இருந்தது.