ரெக்சின் யானை

ஃப்ரீசர் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கியது சந்திரசேகர்தான். செல்லில் சார்ஜ் இல்லை, மாலை கொண்டுவருகிற பூக்காரன் எங்கே நிற்கிறான் என்று கேட்க வேண்டும், ஹாலில் இருந்ததோ ஒரே பிளக் பாயிண்ட். எந்த வயர் எதற்குப் போகிறது என்று பார்க்கிற பழக்கம் அவனுக்கு எப்போதும் இருந்ததில்லை. முக்கால் மணி நேரத்தில் பெட்டியின் கண்ணாடி வேர்த்து, உள்ளே படுத்திருந்த அவன் மனைவி தேவிப்ரியாவின் முகம் மறைந்துபோயிற்று.

"யாருய்யா வயரப் புடுங்குனது?" தேவிப்ரியாவின் அண்ணன் பச்சமுத்து கத்திக்கொண்டே பிளக்கைத் திரும்பச் சொருகினார்.

"நாந்தானுங் மச்சான். அவளுக்குக் குளுரு ஆகாதுங்க. இருவத்தோரு வருசமா எங்களுக்குள்ள ஃபேன் சண்டைதானுங்களே."

யாரும் சிரிக்கவில்லை. அவன் ஜோக்குக்கு முதலில் சிரிக்கிற ஆள் பெட்டிக்குள் இருந்தாள்.

வெண்ணந்தூரில் லாரி சீட்டுக்குக் குஷன் தைக்கிற கடை அவனுடையது. எழவு வீட்டில்கூட நாலு பேரைச் சிரிக்க வைத்துவிடுவான் என்று பேர் எடுத்தவன். சொந்த வீட்டு எழவில் அந்தத் திறமை கால்வாசிகூடத் தேறவில்லை.

கடையில் மிஞ்சுகிற ரெக்சின் வெட்டுத் துண்டுகளையும் ஸ்பாஞ்சுத் தூளையும் அள்ளி வந்து தேவிப்ரியா பொம்மை செய்வாள். கத்தரியைத் தொடுவதற்கு முன்பே அதன் குணத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிவிடுவாள். பேர் என்ன, எதற்குப் பயம், அழுகை வந்தால் என்ன செய்யும். அதற்குப் பிறகுதான் முகம். பொறாமைக்காரக் கரடிக்குக் கண்ணை ஓரத்தில் தள்ளி வைத்தாள். பொய் சொல்கிற குரங்குக்கு வாயை ஒரு விரற்கடை நீட்டினாள். காகிதத்தைக் கழுத்தில் கட்டித்தான் கொடுப்பாள்.

கடைசியாகச் செய்தது ஒரு யானை. அஸ்தம்பட்டிப் பக்கம் ஆஸ்பத்திரியில் படுத்தபடியே கையால் தைத்தாள். அரக்குக் கலர் ரெக்சின். வாய் கொள்ளாத சிரிப்பு. பெரிய காதுகள் இரண்டையும் கன்னத்தோடு சேர்த்து விளிம்பு முழுக்கத் தைத்திருந்தாள். காகிதத்தில் பேர் எழுதவில்லை. 'பயம்: ஆஸ்பத்திரி வாசம். பழக்கம்: எதுக்கெடுத்தாலும் சிரிப்பு. அழுகை வந்தா: யாருக்கும் காட்டாது.'

"இது யாரு தேவி?" என்று கேட்டான்.

"கண்டுபுடிங்க."

மூன்றாவது தடவை கேட்டபோது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவள் கண்ணை மூடிய பிறகு அவனே கண்டுபிடித்துவிட்டான். ஆஸ்பத்திரி, சிரிப்பு, காட்டாத அழுகை. வேறு யார்? அவளேதான்.

"நேரமாச்சுங் மாப்ள. கூட வெக்கறதுக்குப் பிரியமான சாமான் ஏதாச்சும் இருந்தா எடுத்தாங்க," என்றார் பச்சமுத்து.

சந்திரசேகர் யானையைத் தூக்கிக்கொண்டு வந்தான். உட்கார்ந்திருந்தவர்களுக்குக் காட்டினான்.

"காதப் பாத்தீங்களா? என்ற பேச்சக் கேட்டுக் கேட்டுச் சலிச்சுப்போயி, அவளே இழுத்துத் தச்சுக்கிட்டா."

யாரோ ஒருத்தர் லேசாகச் சிரித்தார். அது போதும், அவனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. பெட்டியின் மூடியில் கை வைத்தான்.

காலேஜில் படிக்கிற மகள் கனிஷ்கா எழுந்து வந்து யானையின் தும்பிக்கையைப் பிடித்தாள்.

"இத வெக்க வேண்டாமுங்க."

"ஏஞ் சாமி? இது அம்மா. அம்மாகூடத்தான போவோணும்?"

"வேண்டாமுங்கப்பா."

அவன் கொழுந்தியாளைப் பார்த்தான். "சாரதா, நீ சொல்லு. இது உங்கக்காதான?"

சாரதாமணி சரியாகவே இருந்த மாலையைச் சரி செய்தாள். "அதெல்லாம் இப்ப எதுக்குங்க மாமா. பொறகு பேசிக்கலாம்."

பச்சமுத்துவைப் பார்த்தான். அவர் வாட்சைப் பார்த்தார்.

"என்னங்க இது," என்றான் சந்திரசேகர். "என்னையத் தவிர எல்லாத்துக்கும் கொஸ்டின் பேப்பர் அவுட்டாயிருச்சாட்ட இருக்குது."

சிரிப்பு வருகிறதா என்று சுற்றிலும் பார்த்தான். பெட்டியின் மோட்டார்ச் சத்தம் மட்டும் கேட்டது. மகளிடமே திரும்பினான். இந்தத் தடவை குரல் இறங்கியிருந்தது.

"யாரு சாமி இது?"

"நீங்கதானுங்கப்பா."

அவள் அழவில்லை. வகுப்பில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள்.

"ஏழு மாசத்துக்கு முன்னால அம்மா வயித்த வலிக்குதுன்னாங்க. 'உள்ள ஸ்பாஞ்சு எறங்கிப்போச்சு, பிரிச்சு அடைச்சுப்போடலாம்'னீங்க. கடைக்கு வந்த டிரைவருங்ககிட்டயும் அதையே சொல்லிச் சிரிச்சீங்க. அம்மாவும் சிரிச்சாங்க. உங்களுக்கு ஆஸ்பத்திரின்னா பயம்னு அவங்களுக்குத் தெரியும். இன்னும் ரண்டு தடவ சொல்லிப் பாத்தாங்க. அப்பறம் சொல்றதையே உட்டுட்டாங்க."

கண்ணாடியில் வேர்வை வடிந்து, தேவிப்ரியாவின் நெற்றி முதலில் தெரிந்தது. பிறகு மூக்கு.

சந்திரசேகர் யானையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். இடது காதின் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை விட்டு நெம்பிப் பார்த்தான். இரட்டைத் தையல், சீட்டுக்குப் போடுகிற நைலான் நூல். கல்யாணமான புதிதில் அவன்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தான், எவ்வளவு பாரம் உட்கார்ந்தாலும் பிரியாது என்று.

நகம் மடங்கியது. வலது காதுக்குப் போனான்.