வீடு திரும்பிய மெட்டுகள்

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை, எல்லாம் என் தலைக்கு மேலேயே நடந்தது என்று சத்தியம் செய்கிறேன். 1974 இலையுதிர் காலத்தில், எத்தியென் ப்ரூசார் போட்ட மெட்டுகள் ஒவ்வொன்றாக அவருடைய வீட்டுக்குத் திரும்பி வந்தன.

பாரிஸை ஒட்டிய மோந்த்ரேயில் அவர் என் வீட்டுக்கு நேர் மேலே இருந்தார். மின்னிசைக் கருவிகளில் மெட்டுப் போட்டு இசை நூலகத்துக்குக் கொடுப்பது அவர் தொழில். படமெடுப்பவர்கள் ‘கவலை’, ‘தொழிற்சாலை’, ‘கடலடி’ என்று இசைத்தட்டு உறையில் இருப்பதைப் படித்து எடுத்துப்போவார்கள். போட்டவர் பெயரை யாரும் பார்ப்பதில்லை. எந்த இடத்திலும் வெட்டிக்கொள்ள வசதியாக மெட்டுக்கு முடிவு வைக்கக் கூடாது என்பது அந்தத் தொழிலின் வழக்கம். ஒலியை மெல்லக் குறைத்து விட்டுவிடுவார்கள். ஒலி குறைந்ததே தவிர, மெட்டு நிற்கவில்லை. ஊரெல்லாம் சுற்றிவிட்டு, உட்காரத் தெரியாமல் அவை வந்து சேர்ந்தன. ‘தொழிற்சாலை’ விடியுமுன்பே அலமாரியை அதிரவைத்தது. ‘கடலடி’ குளியலறையில் தங்கித் துண்டுகளில் உப்பேற்றியது. ‘கவலை’ சமையலறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தது. அவர் மனைவி ஒதெத் கண்மூடி வாரக்கணக்காயிற்று.

“இதுங்க போகணும். இல்லன்னா நான் லியோனுக்கு எங்கக்கா வீட்டுக்குப் போறேன்.”

“அதுங்க பாவம், ஒதெத். பிள்ளைங்க மாதிரி வந்திருக்குங்க…”

“பிள்ளைங்களா! உன் பிள்ளைங்க என் குளியல் தொட்டியில நண்டு விடுதுங்கய்யா!”

ஒதெத்தின் துணிப்பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது. ப்ரூசார் கருவிமுன் உட்கார்ந்து, வாழ்நாளில் போடாத ஒன்றைப் போட்டார்: ஒரு முடிவு. ஒலிநாடாவில் பதித்த ஒரே ஒரு கனத்த சுரம். அது கேட்ட தூரம்வரை எல்லாம் முடிந்துபோயிற்று. மெட்டுகள் நின்றன, மழை நின்றது, என் பல்வலி நின்றது, ரொட்டிக்கடைக்காரரின் கள்ளக்காதலும் அன்றோடு சரி. ஒதெத் பெட்டியைப் பிரித்துவிட்டுப் படுத்தார். அப்போதும் தூக்கம் வரவில்லை.

“யோவ், ஏதோ சாவு வீடு மாதிரி இருக்கு. அந்தக் கவலைய மட்டும் கூப்பிடேன். அது நடக்கிற சத்தம் பழகிப்போச்சு.”

அவர் ஒலிநாடாவைத் துளியே துளி பின்னோக்கி ஓட்டினார். ‘கவலை’ மட்டும் எழுந்து நடந்தது. என் பல்வலியும் திரும்பிற்று. நான் குறை சொல்லவில்லை. ‘கவலை’ ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. இருந்தாலும் கடைசிவரை அதற்கும் ஒரு நாற்காலி போட்டே அவர்கள் சூப் குடித்தார்கள்.

நான் குடியிருந்தது அந்தக் கட்டடத்தின் கடைசி மாடி. எனக்கு மேலே கூரைதான்.