குருவிக்குக் கணக்கெடுப்பு

டீச்சருக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. சிறைப் பட்டறையில் கைதிகளே அறுத்து, இழைத்து, மதிலோரமாக மாட்டிய சிட்டுக்குருவிப் பெட்டிகள். குருவிகளும் வந்தன, வைக்கோலைத் திணித்தன, முட்டையும் வைத்தன. அப்புறம் ஒவ்வொரு பெட்டியாகக் கைவிட்டுப் போய்விட்டன. மிச்சம் ஒன்றே ஒன்று. அதிலாவது குஞ்சு பொரித்தால்தான் இந்த இயற்கை வகுப்பு தொடரும்; இல்லையென்றால் அறையைத் தையல் மெஷின்களுக்குக் கொடுத்துவிடுவேன் என்று கண்காணிப்பாளர் கறாராகச் சொல்லிவிட்டார்.

பூனையா, எறும்பா, வெயிலா என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவள், அன்று சீக்கிரம் வந்ததில் ஆளைக் கையும் களவுமாகப் பிடித்தாள். ஸ்டூல் மேல் ஏறி, மூடியைத் தூக்கி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார் கொத்தனார். வெளியே இருந்தபோது பார்த்த வேலை, உள்ளேயும் அதுவே பேராகிவிட்டது. வகுப்பிலேயே சொன்ன பேச்சு கேட்கிற ஒரே ஆள். இவரா!

"என்ன பண்றீங்கண்ணே?"

"கணக்கெடுக்கிறேன் டீச்சர். காலையில ஒருதடவை, சாயங்காலம் பூட்டுறதுக்கு முன்னாடி ஒருதடவை. ஒரு பெட்டி விடமாட்டேன்."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? நம்ம பொறுப்புல இருக்கிற உசுரு. இருக்கா இல்லையான்னு பாக்க வேணாமா? எங்களையும் அப்படித்தானே தலை எண்ணிப் பாக்குறாங்க?"

"அட கர்மமே! தொறந்து தொறந்து பாத்தா எந்தக் குருவி இருக்கும்? இனிமே மூடியில கை வச்சீங்க, அவ்வளவுதான்!"

கொத்தனார் முகம் செத்துப்போயிற்று. "அப்ப மத்ததெல்லாம் என்னாலதான் போச்சா?"

டீச்சர் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குள் போனாள்.

அடுத்த வாரம், குஞ்சு பொரித்ததா என்று பார்க்கக் கண்காணிப்பாளர் வந்தார். நேராகப் போய், நெட்டை ஆளாகையால் ஸ்டூல் இல்லாமலே மூடியில் கை வைத்தார்.

"தொறக்காதீங்கய்யா!" கொத்தனார் குறுக்கே வந்து நின்றார்.

கூட வந்த வார்டர் லத்தியை ஓங்கினார். டீச்சர் இரண்டடி முன்னால் வந்தாள். கொத்தனாருடைய விடுதலை மனு கண்காணிப்பாளர் மேஜையில்தான் கிடக்கிறது. இப்போதா வம்பு வளர்க்க வேண்டும்?

"தொறக்காம, உள்ளே குஞ்சு இருக்குன்னு எப்படிய்யா தெரியும்?"

"தெரியாதுங்கய்யா. ஒரு வாரமா தெரியாது. பொட்டுத் தூக்கம் இல்ல. ஆனா தொறக்கல."

கண்காணிப்பாளரின் கை மூடியிலேயே இருந்தது. மதில் கம்பியில் ஒரு குருவி, வாயில் பச்சைப் புழுவோடு, இவர்கள் எப்போது தொலைவார்கள் என்று தவியாய்த் தவித்துக்கொண்டிருந்தது. டீச்சருக்குப் பொறுமை போய்விட்டது.

"எல்லாரும் கொஞ்சம் நகருங்களேன்! ஐயா, நீங்களுந்தான்!"

கண்காணிப்பாளர் முறைத்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். வார்டரும் நகர்ந்தார். குருவி விருட்டென்று ஓட்டைக்குள் நுழைந்தது. உள்ளே கீச்கீச்சென்று ஒரே ரகளை.

கொத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மொத்தம் எத்தனைன்னு மட்டும்..." என்று ஆரம்பித்தவர், டீச்சர் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.