அராலி என்று கூப்பிட்டார்கள்

விருது விழா அன்று காலையில் பகூமாவின் வீட்டு வாசலில் போய் நின்றாள் கசெமீரே. அவன் மனைவி கபதாலியா கதவைப் பாதி திறந்து, "என்ன கசெமீரே, இந்தப் பக்கம்?" என்றாள்.

அந்த மொட்டைப் பெயர் செருப்பால் அடித்தது போல விழுந்தது. தோரோ மண்ணில் பிறந்த எல்லோருக்கும் பெயரோடு கூட ஒரு எம்பாக்கோ உண்டு, செல்லமும் மரியாதையும் சேர்ந்த அழைப்புப் பெயர். வேண்டியவரை அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். விட்டுவிட்டுக் கூப்பிட்டால், நீ எனக்கு யாரோ என்று அர்த்தம். ஏழு மாதத்துக்கு முன்புவரை இதே கபதாலியா கசெமீரேயின் எம்பாக்கோவைச் சொல்லி, "அத்யேரி, இன்னும் கொஞ்சம் சாப்பிடு" என்று கேழ்வரகுக் களியை உருட்டி வைத்தவள்தான்.

அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது. பகூமா நில அலுவலகத்தில் எழுத்தராக இருந்தான். ஏரிக்கரையில் நாற்பது குடும்பங்களின் நிலம் ஓர் அதிகாரியின் மைத்துனன் பெயருக்கு மாறியதைக் காட்டும் பத்திரங்களை நகலெடுத்து, நிருபரான கசெமீரேயிடம் கொடுத்தவன் அவன்தான். "உங்க பேரு என்னைத் தாண்டாது" என்று அன்று அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். செய்தி வந்ததும் போலீஸ், அவள் பத்திரிகையின் ஆசிரியர் ருசோக்கேயைக் கொண்டுபோய் இரண்டு நாள் வைத்திருந்தது. அவர் வெளியே வந்து ஒரு வாரம் கழித்துப் பகூமாவைத் தூக்கிவிட்டார்கள். ஏழு மாதம் உள்ளே கிடந்து, வேலையும் போய், போன வாரம்தான் வீடு திரும்பியிருந்தான்.

நில அலுவலகத்தில் எவனோ காட்டிக்கொடுத்துவிட்டான் என்று ஊர் பேசியது. ருசோக்கே வாயைத் திறக்கவில்லை என்றும் பேசியது. அதற்காகத்தான் தலைநகரத்துப் பத்திரிகையாளர் சங்கம் இந்த ஊருக்கே வந்து அவருக்குப் பத்திரிகைச் சுதந்திர விருது கொடுக்கிறது. பரிந்துரைக் கடிதத்தை எழுதியவள் கசெமீரே. எழுதும்போது இரண்டு முறை அழுதாள், பைத்தியக்காரி.

"பகூமாவும் நீங்களும் விழாவுக்கு வரணும்," என்றாள்.

"எதுக்கு? கசாப்புக்காரங்க ஒருத்தருக்கொருத்தர் மாலை போட்டுக்கிறதை ஆடு வந்து பார்க்கணுமா?"

உள்ளேயிருந்து பகூமாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. "உள்ள வாங்க அத்யேரி. அவ வாயி அப்படித்தான்." பாதியாக இளைத்திருந்தான். தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, யாருக்கோ நடந்தது மாதிரி தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தான்.

"நான் மாட்டினதே ஒரு கூத்து. காலையில சாப்பிட்டுட்டு இருந்தேன். வாசல்ல, 'அராலி, கொஞ்சம் வெளிய வாங்க'ன்னு ஒரு குரல். என் எம்பாக்கோ அபூலி ஆச்சே! அராலி எங்க அண்ணனோடது. அவரைத்தான் தேடுறாங்கன்னு, 'பக்கத்துத் தெரு, வாங்க காட்டுறேன்'னு நானே கதவைத் திறந்துட்டுப் போனேன். அப்படியே அமுக்கிட்டாங்க."

கபதாலியா குறுக்கே விழுந்தாள். "ஆபீஸ்ல பியூன் வரைக்கும் இவரை அபூலின்னுதான் கூப்பிடுவான். அங்கிருந்து பேரு போயிருந்தா அபூலின்னுல்ல போயிருக்கும்? இவரை அரைகுறையாத் தெரிஞ்ச யாரோ செஞ்ச வேலை இது."

கசெமீரே கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

அவர்கள் பத்திரிகையில் ஒரு விதி உண்டு. தகவல் தந்தவரின் பெயரை நிருபர் ஆசிரியரிடம் மட்டும் சொல்ல வேண்டும், காதோடு, எழுத்தில் இல்லாமல். அந்த விதியைக் கசெமீரே பகூமாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பத்திரம் கைக்கு வந்திருக்காது. ருசோக்கேயின் காதில் அவள் சொன்னது, "பகூமா. அராலி." பகூமாவின் அண்ணனோடு படித்தவள், நாக்கு பழைய தடத்தில் போய்விட்டது. மாலையிலேயே தப்பு உறைத்தது. ஒருவரின் எம்பாக்கோவை மாற்றிச் சொல்வது அந்த ஊரில் வெட்கக்கேடு. சிரிப்பாரே என்று திருத்தாமல் விட்டுவிட்டாள்.

இந்த உலகத்தில் பகூமாவை அராலி ஆக்கியவள் அவள் ஒருத்திதான். அதைக் கேட்ட காதும் ஒன்றே ஒன்றுதான்.

விழா மண்டபத்தில் மேடைக்குப் பின்னால் ருசோக்கே கண்ணாடி முன் டை கட்டிக்கொண்டிருந்தார். பதினோரு வருடமாக அவரை எம்பாக்கோ சொல்லித்தான் கூப்பிடுவாள்.

"அமூட்டி, பகூமாவோட எம்பாக்கோ என்ன?"

"அராலி. நீதானே சொன்ன?"

"அது தப்பு, அமூட்டி. அவர் அபூலி. ஆனா போலீஸும் அராலின்னுதான் கூப்பிட்டிருக்கு."

டையில் இருந்த கை நின்றது. அவர் திரும்பவில்லை, கண்ணாடியிலேயே அவளைப் பார்த்தார்.

"ரெண்டு நாள், அத்யேரி. தரையெல்லாம் தண்ணி. உட்காரக்கூட முடியல. என் மக எந்த ஸ்கூல், எந்த வழியா வீட்டுக்கு நடந்து வர்றா, எல்லாத்தையும் சொன்னாங்க. நீயா இருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"தெரியல. நானும் சொல்லியிருப்பேனோ என்னவோ. ஆனா வெளிய வந்தப்புறம் ஒரு வாரம் இருந்துச்சே! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவரை எல்லை தாண்ட வெச்சிருப்பேனே! ஒரு வாரம் என்கூட உட்கார்ந்து டீ குடிச்சீங்களே!"

அவர் டையை இறுக்கினார். "நான் வாயைத் திறக்கலன்னு நான் எப்பவாவது சொன்னேனா? நீயா எழுதின," என்றார்.

அதுவும் உண்மைதான். எல்லோரும் புகழ்ந்தபோது அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதை அடக்கம் என்று நினைத்தாளே, அவள் புத்தியை என்ன சொல்வது!

"இதை வெளிய சொன்னா நாளைக்கு எவன் நம்மகிட்ட ஒரு காகிதம் கொண்டு வருவான்? உன் பேரும் சேர்ந்துதான் நாறும். யோசிச்சுக்கோ."

யோசிக்க நேரமில்லை. தலைநகரத்திலிருந்து வந்த தொகுப்பாளர் அவள் பெயரை மைக்கில் அழைத்துவிட்டார். அவள் கூப்பிட்டதற்காக வந்திருந்த பகூமா மூன்றாவது வரிசையில் புதுச்சட்டையோடு உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் கபதாலியா கையைக் கட்டிக்கொண்டு. கசெமீரே தன் கடிதத்தைப் பிரித்து வாசித்தாள். "காவலில் இருந்தபோதும் தகவல் தந்தவரின் பெயரை இவர்" என்ற இடத்தில் நிறுத்தினாள். கடிதத்தை மடித்தாள்.

"இந்தக் கடிதம் தப்பு. பகூமா அபூலிங்கிறது இந்த ஊருக்கே தெரியும். நான் ஒருத்தர் காதுல மட்டும் அராலின்னு தப்பாச் சொன்னேன். போலீஸ் அவர் வீட்டு வாசல்ல வந்து அராலின்னு கூப்பிட்டுச்சு."

அந்த மண்டபத்துக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை. வெளியூர்க்காரரான தொகுப்பாளருக்கு மட்டும் ஒன்றும் விளங்காமல், ஒற்றையாளாகக் கை தட்டிவிட்டு ஷீல்டை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "நீங்களே குடுத்துடுங்க மேடம்."

ருசோக்கே வந்து உட்கார்ந்திருந்த முதல் வரிசையை அவள் பார்த்தாள்.

"ருசோக்கே," என்றாள் மைக்கில், "வந்து வாங்கிக்குங்க."

எழுந்தவர் மேடையின் முதல் படியில் கால் வைத்து, அங்கேயே நின்றுவிட்டார். தலையை மறுபடியும் குனிந்துகொண்டார்.

மூன்றாவது வரிசையில் பகூமாவும் எழுந்திருந்தான். அவன் ருசோக்கேயைப் பார்க்கவே இல்லை. மேடையைத்தான் பார்த்தான்.

"என்னைத் தாண்டாதுன்னு சொன்னீங்களே, கசெமீரே," என்றான்.

கபதாலியா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் நடுவழியாக நடந்து வெளியே போனார்கள். ஷீல்டு அவள் கையிலேயே இருந்தது.